லோங்காங் ஓரத்தில் நீலக் கோடு

"நான் திருடன் போட்ட அடையாளம்ங்கறேன், நீ பிள்ளைங்க கிறுக்கினதுங்கற!" என்று அங்கம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"பின்ன என்ன ஆன்ட்டி, சாக்பீஸால ஒரு கோடு இருந்தா உடனே போலீஸக் கூப்பிடணுமா?" ரூபினி கையில் சம்பல் கரண்டியோடு கேட்டுக்கு உள்ளே நின்று கத்தினாள். "உங்க வீட்டு முன்னாலயும்தான் இருக்கு. அங்க நின்னு கத்துங்க லா."

"என் வீட்டு முன்னால ஒண்ணு. உன் வீட்டு முன்னால மட்டும் ஏன் மூணு? அதுக்கு மொதல்ல பதில் சொல்லு!"

"நானா போட்டேன்? கோடு போட்டவனக் கேளுங்க!"

பெர்மாஸ் ஜெயாவின் அந்தப் பின்தெருவில் இப்படி ஒரு சண்டை நடந்து வெகுநாள் ஆகியிருந்ததால், அவரவர் வாசல் கூட்ட வந்தவர்கள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். ரூபினி முப்பத்துச் சொச்சம் வயதுக்காரி. புருஷனிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு தனியாக இருந்தாள். காலையில் வாசலில் மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றாள். தனியாக இருந்தது அங்கம்மாவை அதிகம் உறுத்தியதா, தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் எல்லோரும் அங்கே நாசி லெமாக் வாங்கியதா என்று சொல்வது கஷ்டம்.

தாமான் எனப்படும் அந்தக் குடியிருப்பின் காவல் குழுத் தலைவர் சபாபதி, முட்டி மடங்காத வயதிலும் லோங்காங் என்கிற சாக்கடை ஓரத்தில் குனிந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலைவரான பிறகு அந்தத் தெருவில் களவு போனது ஒரு ஜோடி செருப்பும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்தான். அதனால் இப்படி ஒரு கோடு கிடைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"ஆள் இல்லாத வீடு எது, நாய் இருக்கிற வீடு எதுன்னு இப்படித்தான் குறிச்சு வச்சுட்டுப் போவானுங்க" என்றார். "வாட்ஸ்அப்ல வந்துச்சு. நீலக் கலர்னா என்ன அர்த்தம்னுதான் தெரியல."

நீலம் என்றதும், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பிரவீனா எட்டிப் பார்த்தாள். அடுத்த சந்தில் இருக்கிறவள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அங்கம்மாவின் ரவிக்கையைக் கைப்பக்கம் தளர்த்திக் கொண்டுவந்து கொடுக்கத்தான் அன்று வந்திருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

பள்ளிக்கூட சாக்கில் இப்படிக் கோடு விழாது. அது தடிப்பாக, பொடி உதிர்ந்து விழும். இது கத்தி முனையால் கீறியதுபோல் மெல்லிசு. ஆரம்பிக்கிற இடத்தில் கூர்மை, முடிகிற இடத்தில் லேசான அகலம். துணியில் அளவு குறிக்கிற முக்கோண சாக்கின் கோடு. பெட்டியிலிருந்து அவளுடைய நீல சாக் ஒன்று காணாமல் போய் ஒரு மாதம் இருக்கும். தானே எங்கோ தவறவிட்டதாக நினைத்து அதை மறந்தும்விட்டாள். அந்த வீட்டில் அவளைத் தவிர இருக்கிறவர் ஒருவர்தான். மகள் கோலாலம்பூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள்.

பிரவீனா ரவிக்கையை அங்கம்மாவின் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அங்கம்மா விடுவாளா? சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"ஏம்மா பிரவீனா, முகம் ஏன் இப்படிப் போச்சு? ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். உன் வீட்டுக்காரு தெனமும் விடியக்காலைல கோயிலுக்குப் போறாருன்னு சொன்னியே, எந்தக் கோயிலு?"

"நம்ம முருகன் கோயில்தான் ஆன்ட்டி. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம பூ கட்டப் போனப்போ குருக்கள் சொன்னாரு, காலைப் பூசைக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லையாம். அதான் கேட்டேன்." பிறகு, பெரிய மனசு பண்ணி, "குருக்களுக்குக் கண்ணு சரியில்ல பாவம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிரவீனாவின் புருஷன் மகேஸ்வரன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நாற்பத்தைந்து வயது. நாற்பது வயதில் சிலருக்குச் சபலம் பிடிக்கும், சிலருக்குச் சனி பிடிக்கும். அவனுக்கு ஓட்டம் பிடித்தது. ஒரு ஓட்டக் கிளப்பில் சேர்ந்தான். காலுறையை எண்ணி எண்ணிக் காயப்போட்டான். கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருக்கிறவரிடம் கிலோமீட்டர் பேசினான். போன வருஷம் கெண்டைக்கால் எலும்பில் கீறல் விழுந்திருப்பதாக டாக்டர் சொன்ன பிறகும், "லேசா வலிக்குது, அவ்வளவுதான்" என்று ஒரு அரை மாரத்தானை ஓடி முடித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிரவீனா அவனைப் பார்த்தபோது கழுத்தில் பதக்கம் தொங்கியது. எலும்பு சுத்தமாக விட்டுப்போயிருந்தது. அந்த நிலையிலும் அந்த மனுஷன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மாதக்கணக்கில் அவனைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கழிவறைக்குக் கூட்டிப்போய், இராத்திரி வலியில் அவன் முனகும்போது தையல் மிஷினுக்கு முன்னாலேயே தூங்கி விழுந்து எழுந்தவள் அவள். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, "என்கிட்ட சொல்லாம இனிமே ஓட மாட்டேன்னு அடிச்சு அணைங்க" என்றாள். அவனும் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "மீறி ஓடினீங்கன்னா நான் லாபிஸுக்குப் போயிருவேன். எங்கண்ணன் வீட்டுல எனக்கு ஒரு ரூம் இருக்கு. சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று அவளும் தன் பங்குக்குச் சொல்லி வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குத் திடீரென்று பக்தி வந்தது. இருட்டோடு இருட்டாக, சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்புகிற நேரத்தில் அவனும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவான். திரும்பி வரும்போது நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. சரி, காலைக் காப்பாற்றிய முருகனுக்கு நன்றி சொல்கிறார் என்று இவளும் நம்பிச் சந்தோஷமாக இட்லி ஊற்றினாள்.

இப்போது அந்த இட்லி முழுக்கச் சந்தேகம்.

மறுநாள் அவன் வந்ததும் தட்டை வைக்கிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்த்தாள். கோயில் திருநீற்றுக்கு ஒரு புகை வாசம் உண்டு. இதில் மல்லிகை செண்ட் அடித்தது. அவளே கடையில் வாங்கி சாமி அறையில் வைத்திருந்த பாக்கெட்டின் வாசம். அதுவும் நெற்றி நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு இழுத்த பட்டை. அப்படியானால் துடைக்கிற அளவுக்கு எதனால் வேர்த்தது?

அவன் வேலைக்குக் கிளம்புமுன் குளிக்கப் போனபோது மோட்டாரின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். ஈரமான டீசர்ட் ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்கடியில் நாசி லெமாக் கட்டிய வாழையிலைத் துண்டு. பக்கத்தில், அவளுடைய நீல சாக், பாதி தேய்ந்து.

கோயில், வேர்வை, சட்டை மாற்றம், நாசி லெமாக், ரூபினி வீட்டு வாசலில் மூன்று கோடு. தைக்கிறவளுக்குத் துண்டு துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா? சேர்த்துப் பார்த்தாள். அளவு அச்சாகப் பொருந்தியது. பொருந்திய பிறகு மிஷினில் உட்கார்ந்து ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கையை முதுகில் வைத்துத் தைத்தாள்.

அன்று மாலை பெட்டியைக் கீழே இறக்கி, லாபிஸுக்கு எடுத்துப்போக வேண்டிய சேலைகளைப் பிரித்து வைத்தாள். பதினெட்டு வருஷத்துக் குடித்தனம், பெட்டியோ சின்னது. எதை விடுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். கண்ணால் பார்க்காமல் போய்விட்டால் காலமெல்லாம் மனசு அரித்துக்கொண்டே இருக்கும் என்று தோன்றியது. அங்கம்மாவுக்குப் போன் போட்டாள். அது தப்பு என்று போன் போடும்போதே அவளுக்குத் தெரியும்.

"நீ ஒண்ணும் பேசாத. வெடியக்காலைல என் காடில போலாம்" என்றாள் அங்கம்மா. சாதாரணமாக ஏழு மணிக்கு முன்னால் கண் விழிக்காதவள். அதனால்தான் இத்தனை நாளும் தன் வாசல் வழியே நடந்த கூத்து அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்த வருத்தம் அவள் குரலிலேயே இருந்தது.

விடியுமுன் அங்கம்மாவின் பழைய வீவா கார், ரூபினி வீட்டுக்கு எதிர்ப்புறம் ஆங்சானா மரத்தின் கீழ் நின்றது. முன் இருக்கையில் இரண்டு பேர். அங்கம்மா ஒரு பிளாஸ்க் நிறைய மைலோவும் ஒரு டின் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்பிடு."

"வேணாம் ஆன்ட்டி."

"அட, புருஷன் போனாலும் பசி போகுமா? சாப்பிடு."

"அவரு இன்னும் போகல."

"அதான் பாக்கத்தானே வந்திருக்கோம்."

பிரவீனா கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாள். ரூபினி வீட்டுச் சமையலறையில் விளக்கெரிந்தது. தேங்காய்ப்பால் சோற்றின் வாசம் வந்தது. திடல் பக்கமிருந்து ஒரு மோட்டார் வந்து நிற்கிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

பிறகு, தெருவிளக்கின் மஞ்சளில், மகேஸ்வரன் வந்தான்.

ஓடி வந்தான் என்று சொன்னால் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கர்ப்பிணிப் பூனை ஓடுவதுபோல், ஒவ்வொரு காலாகத் தரையிடம் அனுமதி கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு வந்தான். வாய் எதையோ முணுமுணுத்தது. அங்கம்மா வீட்டைத் தாண்டினான். ரூபினி வீட்டுக் கேட் வருவதற்குச் சற்று முன்னால் சடக்கென்று நின்றான்.

"பாத்தியா, பாத்தியா, நின்னுட்டாரு!" அங்கம்மா பிரவீனாவின் தொடையைக் கிள்ளினாள்.

கேட் திறந்தது. ரூபினி சோற்றுப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கும் என் கேட்டத் தாண்டலையா?"

"தாண்டணும்தான் தங்கச்சி. காலு ஒத்துக்கலையே."

"ஒரு வாரமா இங்கயே சுத்திக்கிட்டு நிக்கிறீங்க. உங்க கோட்டால என்னைத்தான் அங்கம்மா ஆன்ட்டி கிழிச்சுத் தொங்கப்போட்டாங்க. போட்டது யாருன்னு தெரிஞ்சும், நீங்க கேட்டுக்கிட்டீங்களேன்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா இல்லியா?"

"சொன்னா லாபிஸுக்குப் போயிருவா தங்கச்சி. நீ அவளப் பாத்ததில்ல. சொன்னா செஞ்சிருவா."

சொல்லிக்கொண்டே குனிந்து லோங்காங் சுவரின் விளிம்பில் ஒரு கோடு இழுத்தான்.

வீவாவின் கதவு திறந்தது. பிரவீனா எப்போது இறங்கினாள், எப்படித் தெருவைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் நிமிர்ந்தபோது எதிரே நின்றாள். அவன் கையில் சாக். வகுப்பில் பிடிபட்ட பையன்போல் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அது என் சாக்தானே?" என்றாள் அவள்.

அவன் நீட்டினான்.

"கையில கடிகாரம் இருக்கு, போன் இருக்கு. கோடு எதுக்கு?"

"கடிகாரத்தப் போட்டா ஓடின தூரம் ஆப்புல ஏறிரும். ஆப்புல ஏறினா கிளப்புல காளிதாஸ் லைக் போடுவான். காளிதாஸ் பொண்டாட்டி உன்கிட்டதானே ரவிக்கை தைக்கிறா" என்றான் மகேஸ்வரன். இதை அவன் பல நாள் யோசித்திருக்க வேண்டும். ஒரு மூச்சில் வந்தது. "எவ்வளவு தூரம் நிக்காம ஓடுறேன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னுதான்…"

"அலமாக், என்ன மூளை!" என்றாள் ரூபினி.

"ஒரு பொம்பளையா இருந்திருந்தாகூட என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்!" பிரவீனாவின் குரல் உடைந்தது. "நான் ராத்திரி பூரா பெட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க இங்க வந்து எலும்ப ஒடச்சுக்கிறதுக்கு இருட்டுல ஒத்திகை பாக்குறீங்க!"

ரூபினி பானையைக் கீழே வைத்தாள். "பொம்பளையா? எந்தப் பொம்பள?"

பிரவீனாவின் கண் தன்னையறியாமல் வீவாப் பக்கம் போனது. ரூபினி தெருவின் எதிர்ப்புறம் பார்த்தாள். வீவாவுக்குள் அங்கம்மா, கையில் பாதி பிஸ்கட்டோடு. கண்ணாடி கரகரவென்று மேலே ஏறியது.

"ஓ" என்றாள் ரூபினி. "என் வீட்டு முன்னால உக்காந்து, படம் பாக்குற மாதிரி தின்னுக்கிட்டே பாத்தீங்களா? ரொம்ப நல்லாருக்கு அண்ணி." பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அந்த வாசலில் மேசை போடவில்லை.

பிரவீனாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குனிந்தவளின் கண்ணில் கோடுகள் பட்டன. அந்த வாரம் மழை இல்லாததால் அழியாமல் இருந்தன. கேட்டை ஒட்டி இரண்டு. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி, கேட்டைத் தாண்டியும் ஒன்று. இப்போது போட்ட புதுக்கோடோ எல்லாவற்றுக்கும் பின்னால், அங்கம்மா வீட்டுப் பக்கமாக இருந்தது.

"இது ஏன் பின்னால வந்துச்சு?"

"கேட்டத் தாண்டின அன்னிக்கி எலும்புல சுருக்குனு ஒரு வலி. வலிச்சா முன்ன போகாதீங்க, திரும்பிப் பின்னால வாங்கன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"ஆஸ்பத்திரில காலுக்குத் தெரப்பி பாக்குற பொண்ணு."

வீவாவின் கண்ணாடி மறுபடி கொஞ்சம் இறங்கியது.

பிரவீனா அதைக் கவனிக்கவில்லை. இப்போது இழுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனா? எலும்பு உடைகிற சத்தம் தன் காதிலேயே விழுந்தும் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று போனவனா, வலித்ததும் நின்று, பின்னால் வந்து, அதையும் மறைக்காமல் ஒரு கோடாகப் போட்டு வைத்திருக்கிறான்? அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் பயம் குறைந்தது. இத்தனை நாளும் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தாள்.

"நீங்க ஓடக்கூடாதுன்னு நான் சொல்லல. என்கிட்ட சொல்லாம ஓடக்கூடாதுன்னுதான் கற்பூரம் அடிச்சீங்க. அடிச்ச கையாலயே தெனம் திருநீற எடுத்துப் பூசிக்கிட்டு வந்து என் முன்னால உக்காந்து இட்லி தின்னீங்க."

அவன் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தாமான் வாட்ஸ்அப் குரூப்புல சொல்லுங்க. கோடு போட்டது நான்தான், ரூபினிக்கு இதுல ஒண்ணும் கிடையாதுன்னு. எழுதாதீங்க, வாயால சொல்லுங்க. இப்பவே."

அந்தக் குரல் பதிவு இன்னும் பலருடைய கைப்பேசியில் இருக்கிறது. "எல்லாருக்கும் வணக்கம், நான் மகேஸ்வரன் பேசுறேன்" என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சி, "ஓட்டப் பயிற்சிக்காகப் போட்ட கோடு அது, என் சொந்த முட்டாள்தனம்" என்று முடியும். சபாபதி, திருடனைப் பிடித்துக் கொடுத்தவர்போல, "விஷயம் தீர்க்கப்பட்டது" என்று கீழே எழுதினார். அந்தப் பதிவு தொழிற்சாலை வரைக்கும் போய்விட்டது. சாக் மாஸ்டர் என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரவீனா பெட்டியை மூடிப் பூட்டினாள்.

"அதான் சொல்லிட்டேனே!" என்றான் அவன்.

"அது ரூபினிக்கு. இது எனக்கு."

அவனே லாபிஸ் வரைக்கும் காரோட்டிப்போய் விட்டுவிட்டு வந்தான். வழியில் யோங் பெங்கில் நிறுத்தித் தேநீர் குடித்தார்களாம். ஆளுக்கொரு மேசையில் என்று ஒரு பேச்சு, ஒரே மேசையில் என்று இன்னொரு பேச்சு. தீபாவளி ரவிக்கைத் துணிகள் மூட்டை மூட்டையாக வந்து வீட்டில் கிடக்கவும், அவளே பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். துணிக்காகத்தான் வந்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அவன் இப்போது சாயங்காலத்தில், எல்லோரும் பார்க்க, கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடுகிறான். வந்ததும் எங்கே வலித்தது, எங்கே நின்றேன் என்று அவள் கேட்காமலே ஒப்பிக்கிறான். அவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்கிறாள். நம்பவும் செய்கிறாள். அவன் குளிக்கப் போன பிறகு மோட்டார் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

ரூபினி அதற்குப் பிறகு அங்கம்மாவுக்கு ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. தைப்பூசம் முடிந்து ஒரு மாதத்தில் கலியாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை விஜயன், அந்தத் தெருவுக்கே காஸ் கொண்டுவந்து போடுகிறவன். தெருவே விடியற்காலையில் நொண்டிக்கொண்டு ஓடுகிறவன்மேல் கண்ணாக இருந்தபோது, இவன் பட்டப்பகலில் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்திருக்கிறான். ஒருத்தி சோறு ஆக்க அத்தனை காஸ் எதற்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முகூர்த்த ரவிக்கையைப் பிரவீனாதான் தைத்தாள். ரூபினி அதை வாங்கிக்கொண்டாள், அளவு சரியாக இருக்கிறது என்றாள், தேநீருக்கு உட்காரவில்லை. இருவரும் ரெங்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே கடைவீதியில் நாசி லெமாக் நன்றாகப் போகிறதாம்.

அவள் இருந்த வீட்டுக்குக் குளுவாங்கிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறது. பகலெல்லாம் ஜன்னல் திரை மூடியே இருக்கிறது. சாமான் இறக்கிய அன்று இரண்டு கட்டில் இறங்கியது. புருஷன் பொண்டாட்டிக்கு எதற்கு இரண்டு கட்டில் என்று அங்கம்மா கேட்கிறாள். இந்தத் தடவை அவள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.